ஆள் நிற்காத இடம்

ராக் இசை விழா மைதானத்தில் வாலுவைக் காணோம். கூட வந்த தோழிகள் டீச்சரும் நர்ஸும் காவலாளியிடம் ஓடி வந்தார்கள்.

"கூட்டம் நெருக்கினதுல கையை விட்டுட்டேன். அவ அம்மாகிட்ட நான்தான் பொறுப்புன்னு கூட்டிட்டு வந்தேன்!" டீச்சருக்கு அழுகை முட்டியது.

"போன் போட்டீங்களா?"

"மெசேஜ்தான் அனுப்பினோம். பாக்கல."

"மைக்ல பேரைச் சொல்லிக் கூப்பிடச் சொல்லட்டுமா?"

"பிரயோஜனமில்லண்ணே."

"கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்களா?"

"இல்ல. எல்லா இடமும் தேடிட்டோம். மேடைக்கிட்ட ஸ்பீக்கர் பக்கம்தான் பாக்கல" என்றாள் நர்ஸ்.

"அங்க எவனும் நிக்க மாட்டான்மா. காது கிழிஞ்சிடும்."

தோழிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த நொடியே ஓடினார்கள்.

ஆளுயர ஸ்பீக்கரின் மேல் உள்ளங்கைகளையும் கன்னத்தையும் பதித்து, கண்மூடி நின்றிருந்தாள் வாலு. டீச்சர் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

பிறவியிலேயே காது கேளாத வாலு, விரல்களாலேயே எரிந்து விழுந்தாள்:

"இருடி, பாட்டு இன்னும் முடியல!"