சுகவீனர் பட்டியல்

"ஜெயரட்ணம், யாழ்ப்பாணம்" என்று எழுதிய துண்டை நேசம்மா மேசைமேல் வைத்தார். ஏழு மாதமாக ஞாயிறுதோறும் அதே துண்டுதான்.

சிட்னி நார்த்மீட்டில் இருந்த அந்தச் சின்ன ஆங்கிலிக்கன் தேவாலயத்தில் சுகவீனமானவர்களின் பெயர்களை வாசித்து ஜெபிப்பார்கள். கணவரின் பெயர் சபையில் ஒலிக்கும் அந்த ஒரு விநாடிக்காகத்தான் நேசம்மா இரண்டு பஸ் மாறி வருகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆறு நாள் ஆஸ்பத்திரி லாண்டரியில் நிற்கிற கால், ஏழாவது நாளும் ஓயாது.

விசா கிடைத்ததும் ஜெயரட்ணமும் வருவதாகத்தான் இருந்தது. 1976 கடைசியில் ஊரிலிருந்து ஒரு தந்தி வந்தது. அடுத்த ஞாயிறே நேசம்மா பெயரைக் கொடுத்துவிட்டார்.

பட்டியல் எழுதுபவர் ஏசுதாசன். மலேசியாக்காரர், பள்ளிக்கூடத்தில் வரலாற்று ஆசிரியர். ஆராதனைக்கு முன்னால் சபையாருக்கு வகுப்பும் எடுப்பார். இங்கிலாந்தின் ட்யூடர் ராஜாக்கள் காலம் என்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். இன்றைய வகுப்பு, பதினாறாம் நூற்றாண்டில் ஆறாம் எட்வர்ட் ராஜாவின் அரசாங்கம் இங்கிலாந்துக் கோயில்களில் செய்த சீர்திருத்தம். சிலைகளை எடுத்தது, சுவர்ப் படங்களுக்குச் சுண்ணாம்பு அடித்தது, இறந்தவர்களின் பெயர் வாசித்து ஜெபிப்பதை நிறுத்தியது.

வகுப்பு கலைந்த பிறகும் நேசம்மா நகரவில்லை.

"தம்பி, செத்தவையின்ரை பேரை ஞாயிறுக்கு ஞாயிறு வாசிச்சவை எண்டு சொன்னனீங்கள். சட்டம் வந்தாப் பிறகு அந்தப் பேருகளை என்ன செய்தவை?"

"விட்டுட்டாங்க அக்கா. நம்ம சபையிலயும் அதே முறைதான். உயிரோட இருக்கறவங்களுக்கு மட்டும்தான் ஜெபம்."

"வீட்டுச் சனம் ஒண்டும் சொல்லேல்லையோ?"

"சொல்லியிருப்பாங்க. யாரு கேட்டா?"

கணவர் போய்விடுவாரோ என்ற பயத்தில் கேட்கிறார் என்று ஏசுதாசனுக்குத் தோன்றியது. பாவமாக இருந்தது. இதையெல்லாம் இன்றைக்குப் பேசியிருக்க வேண்டாமே என்று தன்னையே நொந்துகொண்டார்.

"ஆஸ்பத்திரியில அண்ணன் இப்ப எப்படி இருக்கார்?"

"அப்பிடியேதான். வலி ஒண்டும் இல்லை."

"அது நல்ல சேதிதானே அக்கா."

நேசம்மாவின் முகத்தில் சந்தோஷமும் இல்லை, கவலையும் இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருப்பவரைப்போல நின்றுகொண்டிருந்தார்.

ஏசுதாசன் தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தார். பட்டியல் நீண்டுகொண்டே போகிறதாம். மூன்று மாதமாக எழுத்தில் சேதி வராத பெயர்களை அடுத்த மாதத்தோடு எடுத்துவிடும்படி குருவானவர் சொல்லிவிட்டார்.

"இவரின்ரை பேரும் போயிடுமோ?"

"போக விடமாட்டேன் அக்கா. எங்க ஸ்கூல் மகாதேவன் வியாழக்கிழமை யாழ்ப்பாணம் போறார். ஆஸ்பத்திரிக்கே போய் அண்ணனைப் பார்த்துட்டு ரெண்டு வரி எழுதச் சொல்றேன். சேதின்னு ஒண்ணு வந்துட்டா பேரை யாரும் தொட முடியாது."

உள்ளே ஆர்கன் வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஏசுதாசன் அவசரமாகப் பேனாவைத் திறந்தார்.

"எந்த வார்டுன்னு மட்டும் சொல்லுங்க."

நேசம்மா துண்டைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். கண் கலங்கவில்லை, குரலும் மாறவில்லை.

"ஆளை அடக்கம் செய்து ஏழு மாதம், தம்பி. பேரை மட்டும் வெட்டிப்போடாதேங்கோ."