மானியம் நின்ற மத்தியானம்

ஷிஜியின் கீழுதட்டில் வலப்பாதி மரத்துக் கிடக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் பல் பார்க்கச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களைத் தயார்செய்ய, மானியப் பணத்தில், சம்பளத்தோடு நடக்கும் பயிற்சி இது. மரப்பு ஊசியை முதலில் ஒருவர் வாயில் மற்றவர் போட்டுப் பழக வேண்டும். இன்று ஷிஜியின் முறை. ஊசி போட்டவள் கூடப் படிக்கும் அஸ்வதி. சன்னல் வெயில் இரும்புத் தட்டில் பட்டுக் கூரையில் நடுங்குகிறது. துறைத்தலைவர் குமாரதாஸ் உள்ளே வராமல் வாசலிலேயே நிற்கிறார். "மக்கா, கிராண்டு நின்னு போச்சு. பயிற்சி இன்னையோட சரி. ஒங்க வேலையும்தான்." துப்பும் கிண்ணத்தில் தண்ணீர் மட்டும் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. மண்டைக்காட்டுப் பல் முகாமுக்கு ஷிஜிதான் மாணவர்களைக் கூட்டிப்போவதாக இருந்தது. இதற்காகவே மஸ்கட் வேலையை விட்டு வந்தவள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள் உதட்டைப் பல்லால் அழுத்திக்கொள்கிறாள். தலைக்குமேல் விளக்கு அணையாமல் எரிகிறது. கழுத்தில் கட்டிய வெள்ளைக் காகிதத்தில் சிவப்பாய் ஒரு சொட்டு விழுகிறது, இன்னொன்று. "ஏட்டி, கீழ்ச்சுண்டக் கடிச்சிட்டியே, ரத்தம் வருது!" அஸ்வதி பஞ்சோடு ஓடிவருகிறாள். "நோவலியா?" ஷிஜி அந்தச் சிவப்பை யாருடையதோபோலக் குனிந்து பார்க்கிறாள். "இப்ப இல்ல," என்கிறாள், வார்த்தை ஒருபக்கமாய் வழுக்க. "மரப்பு விட்ட பெறவுதான் நோவும்."