கறையின் விலை

பில்லிங்ஸ் நகரத் துப்பாக்கிச் சந்தையின் கொட்டகைச் சன்னல் வழியே விழும் காலை வெயில், ஆர்டித்தின் மேசையில் கிடக்கும் லீவர் துப்பாக்கியில் பட்டுக் கண்ணைக் கூச வைக்கிறது. நூறு வருஷம் தாண்டிய துப்பாக்கி இப்படி மின்னக் கூடாது. விலை மதிப்பிட்டுச் சொல்வதுதான் அவள் வேலை. லீவரைக் கீழே தள்ளி மேலே இழுக்கிறாள். சத்தம் கச்சிதமாக இருக்கிறது. துப்பாக்கியின் மரக்கட்டையைத் தடவுகிறாள், வழுவழுவென்று இருக்கிறது. எதிரே பண்ணைக்காரர் வெண்டெல் தொப்பியைக் கையில் பிடித்தபடி நிற்கிறார். "துரு, கறை எல்லாத்தையும் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சது நான்தான் கண்ணு," என்கிறாள் பக்கத்தில் நிற்கும் அவர் மனைவி ட்வைலா, பெருமையாக. "அடுத்த மேசையில இதே மாதிரிக்கு மூவாயிரம் டாலர் போட்டிருக்கான். வித்தா கிணத்து மோட்டாரை மாத்திடலாம்." ஆர்டித் பார்வையைத் திருப்பாமல், ட்வைலாவின் முகத்தைப் பார்த்தே சொல்கிறாள். "எண்ணூறுதாம்மா. கூடச் சொன்னா அது பொய். பழைய துப்பாக்கி சேகரிக்கிறவங்க அந்தக் கறைக்குத்தான் மிச்ச விலையைக் குடுப்பாங்க. அது போயிடுச்சு." ட்வைலாவின் காதுமடல் வரை சிவந்துவிடுகிறது. வெண்டெல் தொப்பியைத் தொடையில் அடித்துச் சிரிக்கிறார். "அதத் தொடைக்காத சோம்பேறின்னு நாப்பது வருஷமா திட்டுனியேடி! நான் என்ன சும்மாவா உக்காந்திருந்தேன்? விலைய ஏத்திக்கிட்டுல்ல இருந்தேன்!"