ஜென்மப் பகையாளிக்கு ஒரு பக்கம்

முப்பத்தேழு புத்தகம் எழுதியவர் வரலாற்றாசிரியர். நாணயம், பறவை, நாவல், சமையல் என்று எதையும் விட்டுவைத்ததில்லை. அப்பேர்ப்பட்டவரிடம் பத்திரிகை அலுவலகம் கேட்டதோ, அவருடைய ஜென்மப் பகையாளியான இன்னொரு வரலாற்றாசிரியர் ‘கல்வெட்டு’ என்பவரின் வாழ்வும் ஈடுபாடுகளும் பற்றி ஒரு பக்கம்.

மறுத்தால் பொறாமை என்பார்கள். எனவே புகழ்வது போலவே காலை வாரி எழுதி, நாலே நாளில் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார்.

உதவி ஆசிரியை படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். “‘இவரது ஈடுபாடுகளில் தலையாயது தூக்கம், அதை வாசகர்களுக்கும் தாராளமாக வழங்கியவர்.’ சார், உங்க குசும்பு இருக்கே!”

“எல்லாத்துக்கும் ஆதாரம் இருக்கும்மா. எப்ப வரும்? இந்த ஞாயிறா? அவன் மூஞ்சி போற போக்கைப் பார்க்கணும்.”

“அவர் பார்க்க முடியாது சார். அவர் காலமான மறுநாள்தான் போடுவோம். பெரிய ஆளுங்களுக்கெல்லாம் முன்கூட்டியே எழுதி வாங்கி வெச்சிடுறது வழக்கம்.”

வரலாற்றாசிரியர் முகம் சுருங்கியது. மறுகணமே மலர்ந்தது. “பெரிய ஆளுங்கன்னா... எனக்கும் இருக்குமே? யார் எழுதினது?”

“கல்வெட்டு சார்தான். போன மாசமே குடுத்துட்டார். ஆபீசே வயிறு வலிக்கச் சிரிச்சோம்.”

“எங்க, காட்டும்மா!”

“காட்டக் கூடாது சார். உங்க ரெண்டு பேர்ல யார் முந்துறீங்களோ, அவங்க பக்கம் முதல்ல வரும்.”

வாழ்நாளெல்லாம் கல்வெட்டை முந்தத் துடித்த மனிதர், கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியாகப் பார்த்துப் பார்த்து இறங்கினார்.