தீவுக்கு ஒரு ஆப்

“படகு நேரம் பார்க்க வெப் ஆப் போதும், வெய்க்கோ. நேட்டிவ்னா ரெண்டு மடங்கு வேலை,” என்றாள் டுர்க்கு நகர மென்பொருள் அலுவலகத்தின் தலைவி ஹென்னா.

“தீவுல சிக்னல் கிடையாது. நேட்டிவ் ஆப்னா நேரமெல்லாம் போன்லயே இறங்கி இருக்கும், நெட் வேண்டாம்.”

“பொண்டாட்டிக்காகத்தானே இவ்வளவு அடம்?”

“ஆமா. மே மாசம் அந்தத் தீவுல இருக்கற அவ அக்கா வீட்டுக்குப் போனவ. பக்கத்துத் தீவுக்கு மளிகை வாங்க வந்தாத்தான் மெசேஜே வரும். படகு நேரம் தெரியாமத்தான் திரும்பி வரலையாம்.”

“சரி, எழுதித் தொலை.”

ஆப் வெளியான அன்று வெய்க்கோ மனைவி ஐலாவுக்கு லிங்க் அனுப்பினான். மளிகைக்கு வரும்போது பார்ப்பாள்.

மறுநிமிஷமே பதில் வந்தது. “இறக்கிட்டேன். அழகா இருக்கு.”

“எங்க இருக்க?”

“அக்கா வீட்டுலதான். சானா நீராவிக் குளியலுக்கு விறகு போடறேன்.”

தீவில் சிக்னல் நன்றாகவே இருந்தது. அன்றைக்கும் கடைசிப் படகு வந்து காலியாகும்வரை வெய்க்கோ துறைமுகத்தில் நின்றான்.