பூட்டு ரிப்பேர்

மூன்று வாரமாக வாசல் கதவு தமயந்திக்கு மட்டும் திறக்கவில்லை. "பூட்டு ரிப்பேர்" என்பார் கணவர் குமரவேல். கூடத்துக்கும் சமையலறைக்கும் அவள் ஓயாமல் நடப்பதைப் பார்த்து, "பொழுது போகலைன்னா இதைப் படி" என்று, வீட்டையே நடத்தும் கணினியில் லினக்ஸ் பாடத்தைத் திறந்துவிட்டதும் அவர்தான்.

மேல்நோக்கிய அம்புக்குறியை அழுத்தினால், முன்பு கொடுத்த கட்டளை திரும்ப வரும் என்றது இன்றைய பாடம். அழுத்தினாள்.

"வாசல் தடை: தமயந்தி" என்று வந்தது.

குமரவேல் குளித்துக்கொண்டிருந்தார். அந்த வரியில் 'தடை'யை 'அனுமதி' ஆக்கி ஒரு முறையும், பெயரை மட்டும் மாற்றி மறுமுறையும் என்டரைத் தட்டினாள். திரை ஒன்றும் சொல்லவில்லை. சொன்னதைச் செய்துவிட்டால் அது பேசாது என்பது முதல் நாள் பாடம்.

கதவு திறந்தது. வெளியே வந்து சாத்திவிட்டு லிஃப்டுக்காக நிற்கையில், உள்ளிருந்து அவர் தட்டினார்.

"ஏய், கதவு ஏன் திறக்கல?"

"பூட்டு ரிப்பேருங்க" என்றாள் தமயந்தி.