பதினேழாம் டோக்கன்

இடித்த நூற்பாலை மனையில் அக்காவுக்கு வீடு கட்டிக் கொடுத்தவள் ஆர்க்கிடெக்ட் தங்கைதான். ஆலையின் வருகைப் பலகையைக்கூட அவள் வீணாக்கவில்லை, கதவருகே மாட்டினாள். மேல் வரிசை ‘உள்ளே’, கீழ் வரிசை ‘வெளியே’. ஐம்பது பித்தளை டோக்கன்களில் முதல் நான்கு அக்கா குடும்பத்துக்கு. மற்றவை அழகுக்காகக் கீழே தொங்கின.

குடியேறிய வாரமே பதினேழாம் டோக்கன் மேலே ஏறியது. எத்தனை முறை இறக்கினாலும் காலையில் மேலேதான் இருந்தது.

“வந்த ஆளு போகவே மாட்டேங்கிறாருடி. பலகையைக் கழட்டிடு,” என்றாள் அக்கா.

தான் போட்ட ஒரு கோட்டைக்கூட அழிக்க விடாதவள் தங்கை. “சங்கு ஊதாம மில்லுக்காரர் எப்படி வீட்டுக்குப் போவாரு? நான் அனுப்பி வைக்கிறேன், பாரு.”

பின்பக்கம் கிடந்த ஆலைச் சங்கைப் பழுது பார்த்து, மாலை ஐந்து மணிக்கு ஊதவிட்டாள். தெருவே அதிர்ந்தது. இருவரும் பலகைக்கு வந்தார்கள். பதினேழு கீழே தொங்கியது.

“நான் சொன்னேன்ல,” என்றாள் தங்கை.

“ஏண்டி, அடுத்த ஷிஃப்டைக் கூப்பிடுறதும் அதே சங்குதானே?”

அக்காவின் பார்வை மேல் வரிசையில் இருந்தது. பதினேழைத் தவிர ஐந்திலிருந்து ஐம்பது வரை ஒன்றுவிடாமல் அங்கே ஏறி, இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தன.